வீட்டு போன் எண்ணை செல்லுக்கு மாற்றலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறோம். எனக்கு 68 வயது, என் வீட்டுக்காரருக்கு 74. மாமனார் காலத்தில் வாங்கிய லேண்ட்லைன் இன்னும் இருக்கிறது. வரியோடு சேர்த்து மாதம் 300 ரூபாய்க்குக் கிட்டப் பில் வருகிறது. பேசுவதெல்லாம் செல்லில்தான். டல்லாஸில் இருக்கும் மகன் அவன் வீட்டு நம்பரை அப்படியே மலிவான செல் சர்வீஸுக்கு மாற்றிக்கொண்டானாம், பழைய பில்லில் பாதிகூட வரவில்லை என்கிறான். "நீங்களும் மாத்திடுங்க ஆத்தா" என்று ஒரே பிடிவாதம். நியூஜெர்சியில் இருக்கும் மகளும் மாற்றப் போகிறாளாம். இங்கே எப்படி மாற்றுவது? எந்தக் கம்பெனி மலிவு? வீட்டுக்குள் செல் சிக்னல் கிடைப்பதில்லை, முகப்புக்கு வந்தால்தான் பேச முடிகிறது. நம்பர் போய்விடக் கூடாது, உறவுக்காரர்கள் எல்லாம் அதில்தான் கூப்பிடுவார்கள். மாமனார் வைத்திருந்த கறுப்பு டயல் போனும் இருக்கிறது, அதையும் வைத்துக்கொள்ள ஆசை.

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் லேண்ட்லைன் எண்ணை செல்போனுக்கு மாற்ற வழி கிடையாது. உங்கள் மகன் சொன்னது பொய்யில்லை, அவர் இருக்கும் ஊரில் அது நடக்கும். நம் ஊரில் நடக்காது. அதனால் "எந்தக் கம்பெனி மலிவு" என்ற கேள்விக்குப் போகும் முன், அந்த எண் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அங்கே முடிவது ஏன், இங்கே முடியாதது ஏன் என்று மகன் கேட்பார். அமெரிக்காவில் செல்லுக்கும் வீட்டு போனுக்கும் ஒரே மாதிரி எண்தான். ஊருக்கு ஒரு மூன்று இலக்கக் குறியீடு, அதன் பின்னால் ஏழு இலக்கம். எண்ணைப் பார்த்து அது செல்லா, வீட்டு போனா என்று சொல்ல முடியாது. செல்லுக்கு வரும் அழைப்பின் செலவை செல் வைத்திருப்பவரே ஏற்பது என்று அங்கே ஆரம்பத்திலேயே வைத்துவிட்டார்கள். கூப்பிடுகிறவருக்குக் கூடுதல் செலவு இல்லை என்பதால் தனி எண் வரிசையும் தேவைப்படவில்லை. 2003 நவம்பர் 24 முதல் பெருநகரங்களிலும், அடுத்த ஆண்டு மே மாதம் முதல் மற்ற இடங்களிலும், வீட்டு எண்ணை செல் கம்பெனிக்கு எடுத்துப் போகலாம் என்று அந்த நாட்டு ஆணையமான எஃப்சிசி விதி கொண்டுவந்தது. உங்கள் மகன் செய்தது அந்த விதிப்படிதான்.

இங்கே 2003 மே மாதம் முதல் செல்லுக்கு வரும் அழைப்பு இலவசமானது. கூப்பிடுகிறவரே முழுச் செலவையும் தருகிறார். அப்படியானால் கூப்பிடும்போதே அது செல் எண் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நம் செல் எண்கள் 9, 8, 7, 6 என்றுதான் தொடங்கும். உங்கள் எண்ணோ 04565-க்குப் பின்னால் ஆறு இலக்கம். முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டால் அதுவும் பத்து இலக்கம்தான், பார்க்க செல் எண் மாதிரியே இருக்கும். ஆனால் 4 என்று தொடங்கும் செல் எண் நாட்டிலேயே கிடையாது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்தது. அது செல்லிலிருந்து செல்லுக்கு மட்டும். ஒரு கம்பெனியின் லேண்ட்லைன் எண்ணை இன்னொரு கம்பெனியின் லேண்ட்லைனுக்குக்கூட இங்கே எடுத்துப் போக முடியாது.

எனவே "உங்க வீட்டு நம்பரை செல்லுக்கு மாத்தித் தர்றோம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். "இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள்" என்று பேசும் பதிவுக் குரலுக்கும் அதே மரியாதைதான். தொலைபேசிக் கம்பெனிகளுக்கு விதி போடும் ஆணையமான டிராய் எந்த வாடிக்கையாளரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வீட்டு போன் வைத்திருப்பவர்கள் வயதானவர்கள் என்பது இந்தக் கும்பலுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்தியது: "மாமனார் காலத்தில் வாங்கியது." இணைப்பு இன்னும் அவர் பெயரிலேயேதான் இருக்கிறதா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செட்டிநாட்டுப் பக்கம் பாதி வீடுகளில் போன் ஐயா பெயரில் இருக்கும், ஐயா போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும், பில் மட்டும் மாதா மாதம் அவர் பெயரில் வந்துகொண்டிருக்கும். பணம் கட்டும் வரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. திட்டத்தை மாற்றவோ, போனும் இன்டர்நெட்டும் ஒன்றாக வரும் ஃபைபர் கம்பிக்குப் போகவோ, இணைப்பை ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கவோ போனால்தான் "சந்தாதாரரை வரச் சொல்லுங்கள்" என்பார்கள்.

ஆகவே கடைசி பில்லை எடுத்து மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மாமனார் பெயர் என்றால், முதல் வேலை அதை உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றுவது. மாமனாரின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், உங்கள் வீட்டுக்காரரின் ஆதார், போட்டோ, பாக்கியில்லாமல் கட்டிய கடைசி பில் ஆகியவற்றைக் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் முன்பே சொத்து விஷயத்துக்காக வாங்கியிருப்பீர்கள், அதன் நகலே போதும். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இதில் காகிதத்தைவிடப் பெரிய வேலை அந்த ஆட்சேபணை இல்லைக் கடிதம்தான். கொழுந்தன்மார் சென்னையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர் என்று இருப்பார்கள், நாத்தனாரும் வாரிசுதான். "போனை உங்க பேருக்கு மாத்தறீங்களா, அப்புறம் வீட்டையும் மாத்துவீங்களா" என்று யாருக்காவது மனதில் ஓடும். பொது வீடு என்றால் கேட்கவே வேண்டாம். போன் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே கையெழுத்துக் கேளுங்கள். கடிதத்திலேயே "இது தொலைபேசி இணைப்புக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் ஊருக்கு வரும் நாளில் வாங்கிவிடுவது சுலபம். தபாலில் அனுப்பி வாங்க நினைத்தால் இழுத்துக்கொண்டே போகும்.

பெயர் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்குள் வீட்டு போனில் உண்மையில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ஒரு மாதத்துக்கு வந்த ஒவ்வொரு அழைப்பையும் எழுதுங்கள். "உறவுக்காரர்கள் எல்லாம் அதில்தான் கூப்பிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் எழுதிப் பார்த்தால் தேவகோட்டையில் ஒரு பெரியம்மா, நகரத்தார் கோயிலில் இருந்து ஒரு கணக்குப்பிள்ளை, எப்போதாவது வங்கி, மற்றதெல்லாம் கடன் தருகிறோம், மனை விற்கிறோம் என்று வரும் அழைப்புகளாக இருக்கும். இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்களுக்கு செல் எண்ணைக் கொடுத்துவிட்டு லேண்ட்லைனை முடித்துவிடலாம். பத்து இருபது பேர், அதிலும் வயதானவர்கள், எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் என்றால் அதைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

இப்படி எழுதும்போது கூப்பிடாதவர்களையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய எல்ஐசி பாலிசி, வங்கி லாக்கர் விண்ணப்பம், நிரந்தர வைப்பு ரசீது, பங்குச் சான்றிதழ் என்று பல இடங்களில் அந்த 04565 எண்தான் பதிவாகியிருக்கும். லேண்ட்லைனுக்கு ஓடிபி குறுஞ்செய்தி வராது. லேண்ட்லைனை வைத்துக்கொண்டாலும் சரி, விட்டாலும் சரி, அந்த இடங்களில் எல்லாம் செல் எண்ணை ஏற்றிவிட வேண்டும். நீங்கள் விட்ட எண் பிற்பாடு வேறொருவருக்குப் போகலாம். உங்கள் லாக்கர் விஷயமாக வங்கி அவரைக் கூப்பிடும் நிலை வேண்டாம்.

எண்ணை வைத்துக்கொள்வது என்று முடிவானால் எனக்குப் பிடித்த வழி ஃபைபர். கானாடுகாத்தானில் நீங்கள் வைத்திருப்பது பிஎஸ்என்எல் செப்புக் கம்பி இணைப்பாகத்தான் இருக்கும். அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. வேறு கம்பெனி ஃபைபர் எடுத்தால் அவர்களும் வீட்டு எண் தருவார்கள், ஆனால் அது புது எண்ணாக இருக்கும்.

இங்கே ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஃபைபர் கம்பி இழுத்துத் தருவது பெரும்பாலும் உள்ளூர் பங்குதாரர்கள், பல ஊர்களில் கேபிள் டிவி நடத்துகிறவர்களே அவர்கள். அவர்களுக்குப் புது இணைப்பு போடுவதுதான் சுலபம். "புதுசா எடுத்துக்குங்க ஆச்சி, பழசை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அப்படிச் செய்தால் ஃபைபரில் ஒரு புது எண் வரும், பழைய எண் செப்புக் கம்பியிலேயே தங்கிவிடும், இரண்டு பில் வரும். விண்ணப்பத்தில் "இருக்கும் லேண்ட்லைனை அதே எண்ணுடன் ஃபைபருக்கு மாற்றுதல்" என்று தெளிவாக எழுதி, உங்கள் எண்ணையும் குறிப்பிட்டு, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் விண்ணப்பத்தைக் காரைக்குடி அலுவலகத்திலேயே நேரில் கொடுங்கள். எண் ஃபைபரில் பேசுகிறது என்று உறுதியான பிறகு செப்புக் கம்பி கழற்றப்படட்டும்.

ஃபைபர் வந்தால் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டுவார்கள். உங்கள் போனின் கம்பியை அந்தப் பெட்டியில் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய செப்புக் கம்பியில் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் மணி அடித்ததற்கு அதுதான் காரணம், எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். ஃபைபரில் ஒளிதான் வருகிறது, மின்சாரம் வருவதில்லை. வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணையும், போனும் அணையும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அந்த லைனில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரவுட்டர் எனப்படும் இந்தப் பெட்டிக்கென்றே சின்ன யுபிஎஸ் (பேட்டரி) கிடைக்கிறது, 12 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பேர் தனியாக இருக்கும் பெரிய வீட்டில் இதை விட்டுவிடக் கூடாது.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். கம்பி போட வருகிற பையன் வாசலுக்குப் பக்கத்தில், முகப்பிலேயே மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பான். அவனுக்கு வேலை குறையும். உங்கள் வீட்டுச் சுவர் இரண்டடிக்கு மேல் இருக்கும், நடுவில் முற்றத்தோடு வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். முகப்பில் மாட்டினால் வைஃபை வளவைத் தாண்டாது. வளவுப் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், மாட்டச் சொல்லுங்கள், முற்றம் திறந்திருப்பதால் அலை நாலு பக்கமும் கொஞ்சம் பரவும். பின்கட்டுக்கும் வேண்டுமென்றால் இன்னொரு சின்ன ரவுட்டர் வைக்கலாம். இன்னொன்று, துளை போடும் முன் பக்கத்தில் நில்லுங்கள். பழைய மின்கம்பி போன வழியிலேயே ஃபைபரையும் கொண்டுபோகலாம், நிலைக்கதவுச் சட்டத்திலோ பளபளவென்று மெழுகிய சுண்ணாம்புப் பூச்சிலோ டிரில் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பூச்சைத் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபைபரை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் எழுதிய சிக்னல் பிரச்சினை அதிலேயே தீரும். இப்போது வரும் பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் வைஃபை காலிங் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் டவர் சிக்னல் இல்லாத இடத்திலும் வீட்டு வைஃபை வழியாக சாதாரண செல் அழைப்பே பேசலாம். அதே எண், அதே ரீசார்ஜ், தனிக் கட்டணம் இல்லை. ஜியோவும் ஏர்டெல்லும் இந்த வசதியைத் தருகின்றன. செட்டிங்கில் ஒரு தடவை போட்டுவிட்டால் போதும், அடுத்த தடவை மகன் வீடியோவில் வரும்போது அவரையே சொல்லித்தரச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது மலிவு. ஃபைபர் மாதக் கட்டணம் இப்போது கட்டும் 300-ஐவிடக் கூடும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதனால் லேண்ட்லைன் பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் இருவர் செல்லுக்கும் டேட்டாவோடு சேர்த்து ரீசார்ஜ் செய்கிறீர்கள் அல்லவா? வீட்டில் வைஃபை வந்துவிட்டால் அந்த டேட்டா எதற்கு? பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் இருந்து அவை கிடைக்கின்றன, ஓராண்டு வரைகூடத் திட்டம் உண்டு. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் "டேட்டா வேண்டாம், வாய்ஸ் மட்டும்" என்று கேட்க வேண்டும். லேண்ட்லைன் பில், இரண்டு செல் ரீசார்ஜ், இடையில் போடும் டேட்டா டாப்-அப் எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குக் கூட்டுங்கள். பக்கத்தில் ஃபைபரின் சின்னத் திட்டத்தையும் இரண்டு வாய்ஸ் ரீசார்ஜையும் கூட்டுங்கள். வாரம் இரண்டு தடவை பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிற வீட்டில் இரண்டு தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்பது என் கணிப்பு. வீடியோவே பேசுவதில்லை என்றால் ஃபைபர் உங்களுக்குச் செலவுதான், வேண்டாம்.

கால் ஃபார்வர்டிங் போட்டுவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அதாவது வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பை செல்லுக்குத் திருப்பிவிடுவது. அலுவலகத்தில் கேட்டால் போட்டுத் தருவார்கள். திருப்பிவிடும் செல் எண்ணை எழுதிக் கொடுக்கும்போது முன்னால் 0 சேர்த்தே எழுதுங்கள், 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து செல்லைக் கூப்பிட அந்த 0 வேண்டும். ஆனால் இதில் மிச்சம் ஒன்றும் இல்லை. லேண்ட்லைன் வாடகை அப்படியே ஓடும், செல்லுக்குத் திருப்பிய அழைப்பு உங்கள் கணக்கில் ஏறும், செல்லில் சிக்னல் இல்லையென்றால் அதுவும் கிடைக்காது. ஊரில் இல்லாத இரண்டு மாதத்துக்கு வேண்டுமானால் உபயோகம். ஆறு மாதம் டல்லாஸுக்கும் நியூஜெர்சிக்கும் போவதாக இருந்தால் சேஃப் கஸ்டடி என்று ஒரு ஏற்பாடு உண்டு. இணைப்பை நிறுத்தி வைத்து எண்ணை மட்டும் உங்களுக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள். கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எண் வேண்டாம் என்று முடிவானால் செய்ய வேண்டியது குறைவு. பில் கட்டுவதை நிறுத்திவிட்டால் தானாக அறுந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள், பாக்கி ஏறிப் பின்னால் வரும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, கடைசி பில்லைக் கட்டி, ரசீது வாங்கி, டெபாசிட்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். பணம் வாரிசு பெயருக்கு வர வேண்டும் என்பதால் இதற்கும் அந்தப் பெயர் மாற்றக் காகிதங்கள் வேண்டும். ஒப்படைக்கும் முன் இரண்டு மாதம், கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் புது எண்ணைச் சொல்லி, அவர்களையே எழுத வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கல்யாணப் பத்திரிகையில் செல் எண்ணைப் போட்டால் பாதி உறவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எந்த செல் கம்பெனி என்று கேட்டிருந்தீர்கள். விலையைவிட, உங்கள் வீட்டுக்குள் எது எடுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எந்த சிம் என்று கேட்டு, வளவிலும் அடுப்படியிலும் மாடியிலும் நின்று ஒரு நிமிஷம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறொன்று நன்றாக எடுத்தால் உங்கள் செல் எண்ணோடு அதற்கு மாறலாம். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் PORT என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் செல் எண்ணைப் போட்டு 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். நம் பக்கத்தில் அது நான்கு நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனிக் கடையில் ஆதாரோடு போய்க் கொடுத்துவிட வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாளைக்கு அந்தக் குறியீடு தர மாட்டார்கள், 2024 ஜூலை முதல் அப்படி ஒரு விதி.

வீட்டுக்காரருக்கு செல்லைத் தடவுவது பிடிக்காது என்றால் சிம் போடும் மேசை போன் கிடைக்கிறது. பார்க்க லேண்ட்லைன் மாதிரியே ரிசீவர், பெரிய எண்கள், உள்ளே செல் சிம். வாங்கும்போது 4ஜியில் பேசக்கூடியதா என்று கேளுங்கள். மலிவாகக் கிடைப்பவை பல பழைய 2ஜி ரகம், ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது.

மகள் மாற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள், அவருக்கும் இரண்டு வார்த்தை. அங்கே மாற்றலாம், ஆனால் பழைய கம்பெனியிடம் போய் "நிறுத்திவிடுங்கள்" என்று முதலில் சொல்லிவிடக் கூடாது. நிறுத்திய எண்ணை மாற்ற முடியாமல் போய்விடும். புதுக் கம்பெனியிடம் பழைய பில்லில் உள்ளபடியே பெயர், முகவரி, கணக்கு எண் கொடுத்தால் மாற்றும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மாறியதும் பழைய இணைப்பு தானாக முடியும். பாக்கி இருக்கிறது என்று சொல்லி எண்ணைப் பிடித்து வைக்கப் பழைய கம்பெனிக்கு உரிமை இல்லை, பாக்கியைத் தனியே வசூலித்துக்கொள்ளலாம். இன்டர்நெட் அதே போன் கம்பியில் வருகிறதா, திருட்டு அலாரம் அதில் இணைந்திருக்கிறதா என்று முன்பே பார்க்கட்டும், எண் போனால் இரண்டும் நின்றுவிடும். முக்கியமானது அங்குள்ள அவசர உதவி எண்ணான 911. வீட்டு போனில் கூப்பிட்டால் வீட்டு முகவரி உதவி மையத்தின் திரையில் வந்துவிடும், செல்லில் கூப்பிட்டால் ஏறக்குறைய எந்த இடம் என்றுதான் வரும். வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு முகவரியைச் சொல்லப் பழக்கிவிடச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே போய்த் தங்கும்போது நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக அந்த டயல் போன். ஃபைபர் பெட்டியில் சொருகினால் பெரும்பாலும் மணி அடிக்கும், எடுத்தால் பேசலாம். ஆனால் எண்ணைச் சுழற்றிக் கூப்பிட முடியுமா என்பது சந்தேகம்தான். டயல் சுழன்று திரும்பும்போது கம்பியில் மின்சாரத்தைத் தட்டித் தட்டி விட்டு எண்ணைச் சொல்லும், புதுப் பெட்டிகள் பல பொத்தான் அழுத்தும் ஒலியை மட்டுமே புரிந்துகொள்ளும். கூப்பிடுவதற்கு ஒரு சாதாரணப் பொத்தான் போனை இணையாக வைத்துக்கொண்டு, வரும் அழைப்பை டயல் போனில் எடுக்கலாம். பழைய போனின் மணிக்குக் கொஞ்சம் வலு அதிகம் வேண்டும், சில பெட்டிகளால் அதை அடிக்க முடியாது, மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடிக்கவில்லை என்று தெரிந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் விலை கேட்டு வந்துவிடுவார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.